நரி முகத்தில் விழித்தவர்கள்

கோட்டைக்குப்பம்
22 ஜனவரி 2024

அம்பிகா மேடம் அவர்களுக்கு,

போன சனிக்கிழமை எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தில் நரிகளைப் பற்றிப் பேசினீர்கள். பேச்சு முடிந்ததும், தபால்தலை ஒட்டி உங்கள் முகவரி எழுதிய கவர்களைக் கொடுத்து, நரியை எங்கே பார்த்தோம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிப் போடச் சொன்னீர்கள். எல்லாரும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் எழுதப் போவதில்லை. மிச்சமிருந்த கவர்களை என் கணவர் வீட்டுக்கு எடுத்து வந்தார். அவற்றில் ஒன்றில்தான் இதைப் போடுகிறேன்.

நான் மனோரமா. உங்களைப் படகில் ஏற்றிப் பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப்பக்கக் குப்பங்களுக்கெல்லாம் கொண்டுபோய், திரை கட்டி, நீங்கள் பேசுவதை எங்கள் பேச்சில் எடுத்துச் சொல்கிறாரே சிங்காரம், அவர் மனைவி.

நரியைப் பற்றி எனக்கு எழுத ஒன்றும் இல்லை. அவரைப் பற்றித்தான் இருக்கிறது.

உங்கள் பேச்சு முடிந்த அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே, "நரி ஒரு தபா ஜோடி சேந்துச்சுன்னா அவ்ளோதான், லேசுல பிரியாது. தெரியுமா உனக்கு?" என்றார். நான் பொன்னேரியில் விலங்கியல் படித்தவள். கல்யாணமான புதிதில் இதே சங்கதியை, இதே வீட்டில், இதே மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று அவர் கொட்டாவி விட்டார்.

ஏலக்கூடத்தில் பெண்கள் பக்கமிருந்து நான் ஒரு கேள்வி கேட்டேன். ஜோடியில் ஒன்று செத்துவிட்டால் மற்றது என்ன செய்யும் என்று. உங்கள் காதில் விழவில்லை. அவர் அதையே எடுத்து, "மேடம், ஒண்ணு பூட்டா இன்னொண்ணு இன்னா பண்ணும்?" என்றார். உடனே, "நல்ல கேள்வி அண்ணா" என்று அவரைப் பார்த்துச் சிரித்து, அவருக்கே பதில் சொன்னீர்கள்.

அண்ணா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை. ஊரார் நினைக்கிற மாதிரி எதையும் நான் நினைக்கவில்லை. நீங்கள் பேசும்போது அவர் ஒரு வாக்கியம் முடிகிற வரைக்கும் காத்திருக்கிறார். எனக்கு அது நடந்ததில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்று. திரையில் நீங்கள் காட்டிய படத்தில் நரிக்குப் பின்னால் ஓர் உடைந்த கிணற்று உறை தெரிந்தது. சவுக்குத் தோப்புக்கு அந்தப்பக்கம் அப்படி ஒன்றே ஒன்றுதான் கிடக்கிறது. நரி தங்குமிடம் இப்போது ஊருக்கே தெரியும். அதைக் காட்டியிருக்க வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அவர் போனில் உங்கள் எண் இருக்கிறது. என் போனில் அதைப் பதிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

இனி உங்கள் பேச்சுகளுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனோரமா


சென்னை
5 பிப்ரவரி 2024

அன்புள்ள மனோரமா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கவரைப் பிரிக்கும்போது, இத்தனை ஊர்களில் கொடுத்ததில் முதல் நரித் தகவல் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணாவின் நேரத்தை நான் அதிகம் எடுத்துக்கொண்டிருந்தால் மன்னியுங்கள். ஆனால் அவர் இல்லாமல் என்னால் உங்கள் பக்கம் பேச முடியாது. ஒரு குப்பத்தில் தனியாகப் பேசிப் பார்த்தேன். பாதியிலேயே எழுந்து வலை பார்க்கப் போய்விட்டார்கள். அண்ணா "மேடம் இன்னா சொல்றாங்கன்னா" என்று ஆரம்பித்தால்தான் உட்காருகிறார்கள். அவர்கள் கேட்பது என்னை அல்ல, அவரை. இது உங்களுக்குச் சமாதானமாக இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு இல்லை.

படத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் நம் ஊர் நரி, நம் தோப்பு நரி என்று தெரிந்தால் காப்பாற்றத் தோன்றும் என்பது என் எண்ணம். உங்கள் ஊர் ஆண்கள் கடலுக்கோ ஏரிக்கோ போகும்முன் நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று இன்னும் நிஜமாகவே நம்புகிறார்கள். மற்ற ஊர்களில் அது வெறும் பழமொழி. நரி கோழி திருடும், குழந்தையைத் தூக்கும் என்று பயப்படுகிறவர்களிடம் இந்த யோகத்தைத்தான் இப்போது முதலில் பேசுகிறேன். வெறுப்பைக் கரைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் விலங்கியல் படித்தவர் என்பது எனக்குத் தெரியாது. அண்ணா சொல்லவே இல்லை. படித்த கண்ணோடு அங்கேயே இருக்கிற ஒருவர் பார்த்து எழுதினால் எவ்வளவோ உதவியாக இருக்கும். இன்னும் சில கவர்கள் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்பிகா


கோட்டைக்குப்பம்
26 பிப்ரவரி 2024

அம்பிகா மேடம் அவர்களுக்கு,

"அண்ணா சொல்லவே இல்லை." இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு எழுதிய எதுவும் என் கண்ணில் ஏறவில்லை. என்னை அக்கா என்றும் எழுத வேண்டாம். அவர் உங்களுக்கு அண்ணா, நான் அக்கா என்றால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

நரித் தகவல் கேட்டீர்கள். தருகிறேன்.

நீங்கள் போன சில நாளில் என் கணவர் விடியற்காலை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்பு வழியாகப் போயிருக்கிறார். உறைக்குப் பக்கத்தில் நரி நின்று இவரைப் பார்த்திருக்கிறது. அன்றைக்கு ஏரியில் இறால் அள்ளிக்கொண்டு வந்தது. ஏலக்கூடத்தில் அதைச் சொன்னார். சும்மா சொல்லவில்லை, உங்களைப் போலவே கையை விரித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மறுநாள் தோப்பு வழியாகப் போக ஆளுக்கு ஆள் போட்டி.

கூட்டத்தைப் பார்த்ததும் நரி ஓடியது. ஓடுகிற நரிக்கு வால்தான் தெரியும். வாலைப் பார்த்தால் யோகம் இல்லையாம். திரும்பி நிற்க வைக்க என்ன வழி? ஒரு பிடி காரப்பொடி என்கிற பொடிமீனைப் போட்டார்கள். நின்றது. பார்த்தது. அதிலிருந்து தினமும் இதுதான் நடக்கிறது. முதலில் போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மேடம் மீன் போடச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"போடக் கூடாதுன்னு சொல்லலியே. நரி நல்லதுன்னுதான சொன்னாங்க. நல்லதுக்கு ஒரு வாய் போட்டா இன்னா கொறஞ்சு பூடும்?"

என் களத்துக்குப் பக்கத்துக் களத்தில் கருவாடு காயப்போடும் பச்சையம்மா ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "உன் ஊட்டுக்காரு நரிக்கு மாப்ள விருந்து வெக்கறாரும்மே. உனக்கு எப்பனா ஒரு வாய் ஊட்னாரா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

இரண்டு நரிகள். ஆண் சற்று உயரம், இடது காது கிழிந்திருக்கிறது. பெண்ணுக்கு வயிறு கனத்துவிட்டது. முன்பு கல்லெறி தூரத்திலேயே நின்றுவிடும். இப்போது ஓர் ஆள் படுத்தால் தொட்டுவிடலாம், அவ்வளவு கிட்டே வருகிறது. ஆள் வருவதற்கு முன்னாலேயே வந்து காத்திருக்கிறது.

இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரிடம் அழுத்திச் சொல்லவில்லை. உங்கள் பேச்சால் ஒன்று கெடட்டும், அதை அவர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று உள்ளே ஓர் ஆசை இருக்கிறது. காகிதத்தில் பார்க்கும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அடித்துவிட்டு எழுத மனம் வரவில்லை.

மனோரமா


சென்னை
7 மார்ச் 2024

மனோரமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் சிங்காரம் அவர்களுக்குப் போன் செய்தேன். மீன் போடவே கூடாது, மனிதனைக் கண்டால் வருகிற பயம்தான் நரிக்குப் பாதுகாப்பு, அது போனால் ஒரு நாள் கடிக்கும், கடித்தால் ஊர் அதை விடாது என்று சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். நிறுத்திவிட்டீர்களா என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "நிறுத்தியாச்சுங்க மேடம்" என்றார். நிறுத்தியிருக்கிறாரா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யோகத்தைப் பேச்சில் எடுத்தது என் தவறு. வெறுக்கிறவர்களை எப்படி மாற்றுவது என்று மட்டுமே யோசித்திருந்தேன். அளவுக்கு மீறி ஆசைப்படுகிறவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மார்ச், ஏப்ரல் முழுக்கத் தெற்கே பேச்சுகள் ஒப்புக்கொண்டிருக்கிறேன். உடனே வர முடியாத நிலை.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். நீங்கள் மறைக்காமல் எழுதியதால் நானும் எழுதுகிறேன். கனத்த வயிற்றோடு இருக்கிற பெண் நரியை நான் நேரில் பார்த்ததே இல்லை. மரத்தில் கட்டிவைத்த கேமரா எடுத்த படங்களில்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்த வரி வந்தபோது எனக்குள் முதலில் எழுந்தது கவலை அல்ல. பொறாமை. கருவாட்டுக் களத்துக்குப் போகிற வழியில் உங்களுக்குக் கிடைப்பதற்காக நான் வருடக்கணக்கில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கேள்வி நினைவுக்கு வந்தது. கேட்டது நீங்கள் என்று அன்று தெரியவில்லை. ஜோடியில் ஒன்று இறந்தால் மற்றது அதே இடத்தில் தனியாகவே இருப்பதும் உண்டு, புது ஜோடி தேடிக்கொள்வதும் உண்டு. எது எப்போது நடக்கும் என்று சொல்கிற அளவுக்கு நான் பார்க்கவில்லை. உண்மையான பதில், எனக்குத் தெரியாது என்பதுதான். திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

தயவுசெய்து அவரிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் "சரிங்க மேடம்" என்பதோடு முடிந்துவிடும். நீங்கள் சொன்னால் ஒரு சண்டையாவது வரும்.

அம்பிகா


கோட்டைக்குப்பம்
25 ஏப்ரல் 2024

அம்பிகா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னது போல் சண்டை வந்தது. அதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

"உனக்கு மேடத்தக் கண்டா ஆவாது. அதான் இப்ப நரியக் கண்டாலும் ஆவல" என்றார். அதில் பாதி உண்மை. உங்களிடம் நிறுத்திவிட்டேன் என்று சொன்ன அதே காலையில் டப்பாவில் மீன் எடுத்துக்கொண்டுதான் போனார்.

நரி குட்டி போட்டிருக்கிறது. வேலிகாத்தான் புதருக்குக் கீழே வளை. எத்தனை என்று தெரியவில்லை, முனகல் மட்டும் கேட்கிறது. இந்தச் செவ்வாய்க்கிழமை இவர் மீனைத் தரையில் போடாமல் கையில் பிடித்து நீட்டியிருக்கிறார். கூட வந்த ஒருவன் போனில் படம் எடுக்கக் குனிந்தானாம், வளைப் பக்கமாக. பெண் நரி பாய்ந்து உள்ளங்கையைக் கவ்விவிட்டது. நல்ல ஆழம். ஆஸ்பத்திரியில் கழுவி, வெறிநாய்க்கடி ஊசி போட்டார்கள். இன்னும் போட வேண்டியிருக்கிறது.

நேற்று வரை யோகம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு போனவர்கள் இன்று அதை வெறி பிடித்த நரி என்கிறார்கள். பட்டப்பகலில் கருவாட்டுக் களத்துக்கு வருகிறதாம். வருகிறதுதான், பழக்கினால் வராமல் என்ன செய்யும்? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்கூட்டம். வயலுக்குப் போடுகிற குருணை மருந்தை மீனில் வைத்துப் புதர் பக்கம் போட்டுவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். கூட்டத்தில் அதற்கு ஒரு தலையசைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இவர் கையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "மேடத்துக்குப் போன் போட்டு வரச் சொல்லு. அவங்க வந்து சொன்னா ஊரு கேக்கும்" என்கிறார்.

"நீங்களே போடறது."

"நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டேனே. இப்ப இன்னான்னு பேசறது?"

அவருடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'நரி மேடம்' என்று பெயர் வந்தது. கூப்பிட்டால் நீங்கள் வருவீர்கள். ஊர் கேட்கும். அவரும் மறுபடி வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். கூப்பிடாவிட்டால் குட்டிகள் செத்துப்போகும், உங்கள் பேச்சுக்கும் இந்த ஊரில் அதுவே முடிவு. அதில் பின்பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பாதிதான் நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

போனை வைத்துவிட்டு இந்தக் கவரை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உங்கள் கைக்கு வராது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

மனோரமா


சென்னை
2 மே 2024

மனோரமா அவர்களுக்கு,

உங்கள் ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் உங்கள் கடிதம் வந்து கிடக்கிறது. போனில் நீங்கள் பேசியது ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. "ஞாயித்துக்கெழம காலைல கூட்டம். வாங்க. படம் கிடம் எதுவும் எடுத்துனு வராதீங்க." நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் படித்த பிறகுதான், அந்தப் போனை எடுக்க உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று புரிந்தது.

கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பதை எழுத வேண்டும் போல் இருக்கிறது.

உங்கள் ஊர்த் தலைவர் முத்துராஜ் என்னை எழுப்பி நிற்க வைத்து, "மேடம், நரி நல்லதுன்னு சொன்னது நீங்க. இப்ப கடிச்சு வெச்சிருக்குது. இன்னாங்கறீங்க?" என்றார். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தேன். அதற்கே ஒரு கூச்சல். நரியைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்றேன். "கொயந்தயக் கடிச்சா சட்டம் வந்து ஊசி போடுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பழக்கதோஷத்தில் சிங்காரம் அவர்களைப் பார்த்தேன், எடுத்துச் சொல்வார் என்று. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நீங்கள் எழுந்தீர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் பேசினீர்கள்.

"நரி மூஞ்சில முழிச்சா யோகம்னு பெரியவங்க சொன்னாங்க. சரி. எப்ப? அது தானா குறுக்க வந்தா. நீங்க மீனப் போட்டு, வா வான்னு கூப்ட்டு, அது வந்து நின்னா அது நரியா? சோறு போட்டவன் பின்னாடி வர்றதுக்குப் பேரு நாயி. இத்தினி நாளா அத்தினி பேரும் நாய் மூஞ்சில முழிச்சிட்டுத்தான் ஏரிக்குப் போயினு இருக்கீங்க."

பச்சையம்மா உடனே, "அதான் எங்க ஊட்ல வல காலியா வந்துச்சா?" என்றார். கூடமே சிரித்தது. மருந்து வைக்கலாம் என்று கத்தியவர்தான் அதிகம் சிரித்தார்.

நானாக இருந்தால் அந்தச் சிரிப்போடு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் உட்காரவில்லை. மீன் கழிவைக் களத்தோரம் கொட்டாமல் குழி தோண்டிப் புதைப்பது பெண்கள் பொறுப்பு என்றீர்கள். நரிக்கு மீன் போடுகிறவனுக்கு ஏரிப் 'பாடு' வரிசையில் ஒரு முறை கிடையாது என்றீர்கள். ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்ற அந்தப் பாடு முறைக்கு முன்னால் உங்கள் ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முத்துராஜ், "அப்பவும் நரி களத்துக்கு வந்தா?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் பாருங்க. அப்பவும் வந்தா மருந்த நானே கலந்து குடுக்கறேன்."

அப்படி ஒரு வாக்கைக் கொடுக்க எனக்கு ஒருநாளும் தைரியம் வராது. நிஜமாகவே கலந்து கொடுப்பீர்களா?

மூன்று வருடமாகப் பேசுகிறேன். எத்தனையோ கூடம், எத்தனையோ திரை. ஒரு கூட்டம் இப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. பழவேற்காட்டில் பஸ் ஏறும்வரை உங்களிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமலே வந்துவிட்டேன். களைப்பு என்று நினைத்திருப்பீர்கள். களைப்பு இல்லை.

அம்பிகா


கோட்டைக்குப்பம்
10 ஜூன் 2024

அம்பிகா அவர்களுக்கு,

கலந்து கொடுப்பேனா என்று கேட்டீர்கள். அந்த மாதம் முழுக்க எனக்கும் அதே கேள்விதான். முதல் வாரம் நரி தினமும் களத்துக்கு வந்தது. மீன் இல்லை, கழிவும் இல்லை. நாங்கள் தகரத்தைத் தட்டி விரட்டினோம். வழக்கமாக மீன் போடுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ஆட்களை எதிர்பார்க்கும். எனக்குப் பார்க்கச் சகிக்காது. அதை அப்படி உட்கார வைத்தவர் வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்தடுத்த வாரங்களில் வருவது குறைந்தது. கெடு முடிகிற சமயத்தில் ஒரு விடியற்காலை களத்துக்குப் போகும்போது எதிரே பார்த்தேன். பெண் நரி, வாயில் ஒரு வயல் எலி. பின்னால் குட்டிகள். என்னைப் பார்த்த மாத்திரத்தில் ஓடிவிட்டது. என்னைக் கண்டு ஒன்று பயந்து ஓடியதற்கு நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. முத்துராஜும் ஒத்துக்கொண்டார். மருந்துப் பேச்சு முடிந்துவிட்டது.

இந்த நல்ல செய்தியை நல்ல மனதோடு எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். நேற்று முன்தினம் வரைக்கும்.

நேற்று முன்தினம் அவர், "இங்க பாரு, நம்ம ஊரப் பத்திப் பேசறாங்க" என்று போனை நீட்டினார். சென்னையில் ஏதோ ஒரு குளிரூட்டிய அரங்கம். நீங்கள் பட்டுப் புடவையில் நிற்கிறீர்கள். "மீன் போட்டுக் கூப்பிட்டால் அது நரி அல்ல, நாய். நீங்கள் விழிப்பது நாய் முகத்தில்" என்கிறீர்கள். அரங்கம் சிரித்துக் கைதட்டுகிறது. அதற்கு முன்னால் "ஒரு கிராமத்துப் பெண் சொன்னார்" என்று ஒரு வரி வந்தது. பெயர் இல்லை. ஊர் பெயர் இருந்தது. கருவாட்டு நாற்றம் போகக் கழுவித் துடைத்த என் பேச்சு அங்கே நன்றாகத்தான் இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. ஊர்க்கூட்டத்தில் நான் அதைச் சொன்னபோது என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னபோது சிரித்தார். திரும்பப் போட்டுப் பார்த்து மறுபடியும் சிரித்தார். "மேடம் கரெக்டா சொல்றாங்க பாரேன்" என்றார்.

"அது நான் சொன்னது."

"நீ சொன்னதுதான். யார் இல்லன்னா? அவங்க சொல்ற விதம் வேற."

என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு கூடம் சிரித்தது ஒரே ஒரு முறை. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

மனோரமா


சென்னை
19 ஜூன் 2024

மனோரமா,

எடுத்துக்கொண்டேன். உண்மைதான்.

பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். மேடையில் அந்த இடம் வந்தபோது, "விலங்கியல் படித்த மனோரமா" என்று சொன்னால் எல்லாரும் உங்களைத்தான் அழைத்து வரச் சொல்வார்கள் என்று ஒரு பயம். கிராமத்துப் பெண் என்றால் யாரும் முகவரி கேட்க மாட்டார்கள். அந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. ரயிலில் வீடு திரும்பும்போது, இவ்வளவு வேகமாக எனக்கு வேறு எதுவும் தோன்றியதில்லையே என்று நினைத்தேன்.

ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை எளாவூரில் பேச்சு இருக்கிறது. அந்தப் பக்கம் தர்பூசணித் தோட்டங்களில் நரி இறங்குகிறது என்று புகார். வேலியில் கரண்ட் விடுகிறார்கள். அதில் நரி மட்டுமல்ல, ஒரு மனிதரும் சாகப் பார்த்தார். யோகம் என்றால் அங்கே சிரிப்பார்கள், சட்டம் என்றால் எழுந்து போவார்கள். என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. நீங்கள் வந்து பேசுவீர்களா? எனக்கு உதவிக்காக அல்ல. பேச்சே உங்களுடையது. நான் அறிமுகம் மட்டும் செய்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

இதைக் கேட்பது எனக்கு எளிதாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

அம்பிகா


கோட்டைக்குப்பம்
1 ஜூலை 2024

அம்பிகா,

வருகிறேன்.

அறிமுகத்தில் என் பெயரைச் சொல்லுங்கள், படித்ததைச் சொல்லுங்கள், கருவாடு போடுகிறேன் என்பதையும் சொல்லுங்கள். கிராமத்துப் பெண் என்று மட்டும் சொன்னால் நான் எழுந்திருக்க மாட்டேன்.

எளாவூரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். எங்கள் அம்மா வழியில் எனக்குத் தெலுங்கு வரும். உங்களுக்கு வராது. இதை எழுதும்போது எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்று உங்களிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அவரிடம் சொன்னேன். "அப்ப நானு இன்னா பண்றது? நீ சொல்றத எடுத்துச் சொல்ல ஆளு வேணாமா?" என்றார்.

"எனக்கு வேணாம். தெர கட்ட ஆளு வேணும்" என்றேன்.

"தெர மட்டுமா?"

"தெர மட்டும்தான்."

கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. இருந்தாலும் கட்டுகிறேன் என்றிருக்கிறார். இரண்டு நாளாக, எளாவூரில் என்ன பேசப் போகிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்து கேட்கிறார். அங்கே வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். முன்பே சொல்லிவிட்டால் பாதியில் எழுந்து பீடி பிடிக்கப் போய்விடுவார்.

தர்பூசணிக்காரர்களிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நரி பழத்தைத் தின்னட்டும் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்கள் பயிர், அவர்கள் உழைப்பு. போய் முதலில் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். பேச்சு மாலையில் என்றால் காலை பஸ்ஸுக்கே வந்துவிடுகிறேன். நீங்களும் தோட்டத்துக்கு வரலாம். எனக்குத் தெரியாததை அவர்கள் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். கூச்சப்பட்டுக்கொண்டு எனக்காக நீங்கள் பதில் சொல்லக் கூடாது.

அறிமுகம் முடிந்ததும் இறங்கிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இறங்கி வெளியே போய்விடாதீர்கள். முன்வரிசையில் உட்காருங்கள். கூட்டம் சிரிக்கும்போது நீங்களும் சிரிக்கிறீர்களா என்று நான் பார்ப்பேன்.

மனோரமா